டிபெண்டன்சியைப் பூஜ்ஜியமாக்கும் முன் குரோம் 109-ஐப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஆர்டர் ஃபாலோ-அப் சாஃப்ட்வேர் செய்யும் இடத்தில் மூன்று பேராக ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைப் பராமரிக்கிறீர்கள். டேபிள், ஃபார்ம், தேதி, பாப்-அப், எக்ஸெல் எக்ஸ்போர்ட் எல்லாம் அதற்குள். உங்கள் மற்ற டீம்களும், சில கஸ்டமர்களின் சொந்த ஐடி ஆட்களும் அதையே எடுத்து ஓட்டுகிறார்கள். உள்ளே மற்றவர்கள் எழுதிய 11 வெளிப் பேக்கேஜ்கள்: பக்கத்தில் உள்ளதைத் தேடி மாற்ற ஜேகுவெரி, பட்டியலையும் பொருளையும் கையாள லோடாஷ், தேதிக்கு மொமென்ட், சர்வரோடு பேச ஆக்சியோஸ், தனித்த அடையாள எண் உருவாக்க யூயூஐடி, யூஆர்எல்லில் விவரங்களைச் சேர்த்து எழுத கியூஎஸ், மேலெழும் பெட்டிக்கு ஒரு மோடல் பேக்கேஜ், டூல்டிப்புக்குப் பாப்பர், தமிழ்ப் பெயரை எழுத்தெண்ணி வெட்டும் ஒரு பேக்கேஜ், தீய ஸ்கிரிப்டை வடிகட்ட டாம்ப்யூரிஃபை, எக்ஸெல் எழுதும் பேக்கேஜ். ஒரு பையரின் (சரக்கு வாங்கும் கம்பெனியின்) செக்யூரிட்டி ஆடிட்டில் இந்தப் பட்டியலைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். "அதான் இப்ப பிரவுசரே எல்லாம் பண்ணுதே, வெளிச்சரக்கே வேண்டாம், பூஜ்ஜியம் ஆக்கிப்போடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அது நடக்கிற காரியமா, எதில் தொடங்குவது என்பது கேள்வி.

பூஜ்ஜியம் நடக்காது, நடக்கவும் வேண்டியதில்லை. உங்கள் 11-இல் ஆறு தாராளமாகப் போகும். மூன்று, லைப்ரரி எந்த மெஷினில் ஓடுகிறது, அதற்குள் என்ன கணக்குப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டில் கை வைக்காதீர்கள். கோயம்புத்தூரில் மில், பம்ப் கம்பெனி, கார்மென்ட் யூனிட் என்று பல வருடமாகத் திரைப்பக்க வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் புரோகிராம் கோடை நான் பார்க்கவில்லை, ஆகவே பேக்கேஜின் குணத்தைப் பற்றி நான் சொல்வது உறுதி, உங்கள் இடத்தில் அது எவ்வளவு ஆழமாக வேர் விட்டிருக்கிறது என்பது என் ஊகம்.

முதலில் ஒன்று. ஒரு அப்ளிகேஷன் டிபெண்டன்சி (தான் நம்பியிருக்கும் வெளிப் பேக்கேஜ்) வைப்பதும் ஒரு லைப்ரரி டிபெண்டன்சி வைப்பதும் ஒரே விஷயம் இல்லை. அப்ளிகேஷனுக்கு லாக் ஃபைல் இருக்கிறது. எந்த வெர்ஷன் உள்ளே வந்தது என்பது அதில் பதிவாகிவிடும். லைப்ரரியை என்பிஎம் என்ற பொதுப் பேக்கேஜ் கிடங்கில் பப்ளிஷ் செய்யும்போது உங்கள் லாக் ஃபைல் கூடப் போவதில்லை. எடுத்து ஓட்டுகிறவர் இன்ஸ்டால் செய்யும் அன்றைக்கு, நீங்கள் எழுதி வைத்த வெர்ஷன் வரம்புக்குள் எது புதிதாக இருக்கிறதோ அது இறங்கும். நீங்கள் டெஸ்ட் செய்த சரக்கும் அவர் மெஷினில் இறங்கும் சரக்கும் வேறாக இருக்கலாம். திருப்பூரில் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாம் ஜாப் ஒர்க்குக்கு வெளியே போய்த்தான் வருகிறது. அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் ஜாப் ஒர்க்காரர் உங்களிடம் சொல்லாமல் வேறொருவரிடம் கொடுத்து, அவர் இன்னொருவரிடம் கொடுத்தால், ஷேடு மாறி வந்த அன்றைக்கு யாரைக் கேட்பது? பையரின் ஆடிட்டர் கேட்பதும் ஏறக்குறைய அதுதான்.

அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவர் என்பிஎம்-இல் இருந்து எடுத்துவிட்டார். பேபல், ரியாக்ட் போன்ற பெரிய கருவிகள் உள்படப் பலவற்றின் பில்டு (கோடைத் தொகுத்து ஓடும்படி ஆக்கும் வேலை) அன்றைக்கு நின்றது. அந்த 11 வரி செய்த வேலை, எழுத்துக்கு இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவது. அடுத்த வருடமே பேட்ஸ்டார்ட் என்ற பெயரில் அது மொழிக்குள் வந்துவிட்டது. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜின் பொறுப்பு கைமாறி, அதன் அடியில் சேர்க்கப்பட்ட இன்னொரு பேக்கேஜ் வழியாக பிட்காயின் வாலெட்டைத் திருடும் கோடு நுழைந்தது. 2024 பிப்ரவரியில் பாலிஃபில் டாட் ஐஓ என்ற டொமைன் கைமாறி, ஜூனில் அதை ஸ்கிரிப்ட் டேகில் போட்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்குத் தீய கோடு போனது. 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற அடிப்படைப் பேக்கேஜ்களைப் பராமரிப்பவரை ஃபிஷிங் மெயிலில் ஏமாற்றி அவற்றுக்குள் கோடு செருகினார்கள். இவற்றில் எதுவும் பயன்படுத்தியவர்கள் தப்பாக எழுதியதால் வந்ததில்லை.

ஆனாலும் நீக்கும் வேலையை இந்தப் பயத்தில் இருந்து தொடங்காதீர்கள், மெஷினில் இருந்து தொடங்குங்கள். அவிநாசி ரோட்டில் உட்கார்ந்து கோடு எழுதும் நமக்குப் பிரவுசர் என்றால் நேற்று அப்டேட் ஆன குரோம். உங்கள் லைப்ரரி ஓடும் இடம் டையிங் யூனிட்டின் கணக்கு ரூம், பேக்கிங் செக்‌ஷன், பல்லடத்தில் ஒரு ஷெட். அங்கே விண்டோஸ் 7 மெஷின் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும். லேபிள் பிரிண்டருக்கு அதில்தான் டிரைவர் இருக்கிறது, மாற்ற மாட்டார்கள். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் 109, 2023 ஜனவரியில் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் என்றால் 115. டேப்லெட் வாங்கிக் கொடுத்திருந்தால் ஆண்ட்ராய்டு 7-க்குக் கடைசி குரோம் 119. இந்த மூன்று எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். புதிய வசதி ஒவ்வொன்றையும் இந்த மூன்றுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். பேஸ்லைன் என்ற அடையாளத்தைப் பார்த்திருப்பீர்கள். எல்லா முக்கியப் பிரவுசரிலும் வந்து 30 மாதம் ஆனதைப் பரவலாகக் கிடைக்கிறது என்று அது குறிக்கும். நல்ல அளவுகோல்தான், ஆனால் நின்றுபோன வெர்ஷனில் ஓடும் மெஷினுக்கு அந்த 30 மாதத்தால் பயனில்லை. உங்கள் கஸ்டமர்களின் சர்வர் லாகில் யூசர் ஏஜென்ட் (எந்தப் பிரவுசர், எந்த வெர்ஷன் என்ற குறிப்பு) இருக்கும். ஒரு மாத லாகை எடுத்து எண்ணிப் பாருங்கள், என் ஊகத்தை நம்ப வேண்டாம்.

சுலபமானவற்றில் யூயூஐடி முதலில் நினைவுக்கு வரும். பிரவுசரின் கிரிப்டோவில் ரேண்டம் யூயூஐடி இருக்கிறது, குரோம் 92-இலேயே வந்துவிட்டது, ஒரு வரியில் வேலை முடியும். ஆனால் அது பாதுகாப்பான சூழலில் மட்டும்தான் கிடைக்கும், அதாவது எச்டிடிபிஎஸ் வேண்டும். மில்லிலும் கார்மென்ட் யூனிட்டிலும் சர்வர் ஒரு மூலையில் இருக்கும், முகவரி 192.168 என்று தொடங்கும், வெறும் எச்டிடிபி. உங்கள் மெஷினில் லோக்கல்ஹோஸ்ட் என்பதால் பிரவுசர் அதைப் பாதுகாப்பானதாக எடுத்துக்கொள்ளும். டெஸ்ட் பாஸ் ஆகும், ஃப்ளோரில் விழும். இதே கதைதான் கிளிப்போர்டுக்கும் சர்வீஸ் ஒர்க்கருக்கும். கெட் ரேண்டம் வேல்யூஸ் வெறும் எச்டிடிபியிலும் வேலை செய்யும், அதில் 16 பைட் வாங்கி வெர்ஷன் பிட்டைச் சரிசெய்து எழுத்தாக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளலாம். கியூஎஸ் இடத்தில் யூஆர்எல் சர்ச் பாரம்ஸ் வரும். அடைப்புக்குறி போட்டு ஒன்றுக்குள் ஒன்றாக அனுப்பும் ஃபில்டர்கள் இருந்தால் அதற்கு அது புரியாது. இடைவெளியை கியூஎஸ் சதவீதம் இருபது என்று எழுதும், இது கூட்டல் குறியாக எழுதும். சர்வரில் கையால் பிரித்துப் படிக்கும் பழைய கோடு இருந்தால் "லைட் ப்ளூ" என்ற கலர் "லைட்+ப்ளூ" ஆகிவிடும்.

ஆக்சியோஸ் போகலாம், பிரவுசரின் சொந்த ஃபெட்ச் போதும். ஆனால் ஆக்சியோஸ் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த நான்கு வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். 404, 500 வந்தால் ஆக்சியோஸ் பிழையாக எறியும். ஃபெட்ச் அதையும் வெற்றி என்றே திருப்பித் தரும், ஓகே என்ற பண்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் ஃபெட்ச் சரியில்லை என்று திட்டுகிறார்கள். டைம்-அவுட்டுக்கு அபார்ட் சிக்னலில் டைம்-அவுட் இருக்கிறது, குரோம் 103-இலிருந்து, ஆகவே 109-க்குப் பிரச்சனை இல்லை. மூன்றாவது, குக்கியில் உள்ள எக்ஸ்எஸ்ஆர்எஃப் டோக்கனை (வேறு தளம் போலியாக அனுப்பும் கோரிக்கையைத் தடுக்கும் அடையாளத்தை) எடுத்து ஹெட்டரில் வைக்கும் வேலை. இதைச் சேர்க்காவிட்டால் மாற்றிய அன்றைக்கே எல்லா சேவ் பட்டனும் 403 தரும். நான்காவது, அப்லோடு எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று காட்டுவது. அது ஃபெட்சில் சரியாக வராது. டெக் பேக், ஆர்ட்ஒர்க் என்று பெரிய ஃபைல் ஏற்றும் இடம் இருந்தால் அந்த ஒரு இடத்துக்குப் பழைய எக்ஸ்எம்எல் எச்டிடிபி ரிக்வெஸ்டையே எழுதுங்கள். பழசு என்று கூச்சப்பட ஒன்றுமில்லை, அதுவும் பிரவுசரின் சொந்தச் சரக்குதான்.

மோடல் பேக்கேஜை நீக்குவதில்தான் எனக்குத் தனிப்பட்ட திருப்தி. டயலாக் எலிமென்ட் குரோமில் 2014-இலேயே வந்தாலும் ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் 2022 மார்ச்சில்தான் சேர்ந்தன. ஷோ மோடல் என்று திறந்தால் பின்னால் உள்ள பக்கம் செயலற்றுப் போகும், டேப் கீயை அழுத்தினால் ஃபோகஸ் பின்பக்கத்துக்கு ஓடாது, எஸ்கேப் மூடும், மூடினால் திறந்த பட்டனுக்கே ஃபோகஸ் திரும்பும். எது மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் இசட்-இன்டெக்ஸில் ஒன்பது ஒன்பதாக அடுக்கும் போட்டி முடிந்தது, ஏனென்றால் டயலாக் எல்லாவற்றுக்கும் மேலான அடுக்கில் போய் உட்காருகிறது. அதுவே ஒரு சிக்கலும் கூட: பாடியில் சேர்க்கும் "சேவ் ஆகிவிட்டது" என்ற டோஸ்ட் செய்தி, திறந்திருக்கும் டயலாக்குக்குப் பின்னால் மறைந்துவிடும். டோஸ்டை டயலாக்குக்குள்ளேயே வையுங்கள். பின்பக்கம் ஸ்க்ரோல் ஆவதையும், வெளியே தொட்டால் மூடுவதையும் நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜேகுவெரியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கிட்ஹப் 2018-இல் தன் தளத்தில் இருந்து எடுத்தது, பூட்ஸ்ட்ராப் 2021-இல் ஐந்தாம் பதிப்பில் விட்டது. ஜேகுவெரி தேவைப்பட்டதற்குப் பெரிய காரணமாக இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் ஆதரவை நிறுத்தியது. ஒரே ஒரு குணவேறுபாடு மட்டும்: ஜேகுவெரியில் தேடிய எலிமென்ட் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது, பிழையும் வராது. பிரவுசரின் குவெரி செலக்டர் ஒன்றுமில்லை என்ற மதிப்பைத் தரும், அடுத்த வரியில் ஸ்கிரிப்ட் நிற்கும். உங்கள் கோடில் பாதி, இல்லாத பட்டனைச் சத்தமில்லாமல் தேடிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

லோடாஷும் இதே ரகம். அதன் மேப்புக்கு ஒன்றுமில்லாததைக் கொடுத்தால் காலிப் பட்டியல் தரும், மொழியின் சொந்த மேப் பிழை எறியும். கெட் என்பதற்குக் கேள்விக்குறிப் புள்ளி, யூனிக்குக்கு செட், ஃப்ளாட்டனுக்கு ஃப்ளாட் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். குளோன் டீப்புக்கு ஸ்ட்ரக்சர்டு குளோன் குரோம் 98-இலிருந்து இருக்கிறது. ஆனால் நகலெடுக்கும் பொருளுக்குள் ஒரு ஃபங்ஷனோ டாம் எலிமென்டோ (பக்கத்தின் உறுப்போ) இருந்தால் பிழை எறியும், கிளாசில் இருந்து பிறந்த பொருள் வெறும் பொருளாகத் திரும்பும். டேபிள் காலம்னின் அமைப்பில் ரெண்டர் ஃபங்ஷன் வைத்திருப்பீர்கள், அங்கே அடி வாங்கும். சார்ட் பையை டு சார்ட்டெடாக மாற்றத் தோன்றும், அது குரோம் 110. ஒரே ஒரு எண்ணில் தவறுகிறது பாருங்கள். பட்டியலை நகலெடுத்துப் பழைய சார்ட்டையே போடுங்கள். குரூப் பை குரோம் 117, அதுவும் கூடாது, நான்கு வரியில் நீங்களே எழுதலாம். டிபவுன்ஸுக்கும் (தட்டி முடிக்கும் வரை காத்திருந்து ஒரு முறை மட்டும் ஓட்டுவது) ஆழமான ஒப்பீட்டுக்கும் (இரண்டு பொருள்கள் உள்ளே வரை ஒன்றா என்று பார்ப்பது) பிரவுசரில் எதுவும் இல்லை. டிபவுன்ஸ் பத்து வரி. ஆழமான ஒப்பீட்டை நீங்களே எழுத இறங்கினால் தேதி, மேப், சுற்றிச் சுற்றி வரும் பொருள் என்று போய்க்கொண்டே இருக்கும். அது ஒன்றுக்காக லோடாஷ் முழுவதும் வேண்டாம், அது எங்கே தேவைப்படுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டு ஐடியை ஒப்பிட்டாலே போதும் என்ற இடமாக இருக்கும்.

மொமென்டுக்கு வருகிறேன், இங்கே நிதானம் வேண்டும். 2020 செப்டம்பரில் அதை எழுதியவர்களே இனி புதிய வசதி சேர்ப்பதில்லை, புதிய வேலைக்கு வேறு பாருங்கள் என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே அதை விடுவது சரிதான். அது உங்களுக்குச் செய்துகொண்டிருப்பது மூன்று வேலை: காட்டுவது, படிப்பது, கணக்குப் போடுவது. காட்டுவதைப் பிரவுசரின் இன்ட்ல் (மொழிக்கும் ஊருக்கும் ஏற்ப எழுதித் தரும் வசதி) மிக நன்றாகச் செய்யும். தேதியை எந்த ஊர் நேரத்தில் வேண்டுமோ அந்த நேரத்தில் காட்டும். எண்ணுக்கு இந்திய ஆங்கிலம் என்று சொன்னால் 12,34,567 என்று லட்சக் கணக்கில் கமா போடும். தமிழ் எண்ணுருவில் கூடக் காட்டும், அழைப்பிதழ் அடிப்பவர்களுக்குப் பயன்படலாம். ஆனால் இன்ட்ல் தருவது கண்ணுக்கு மட்டும். அந்த எழுத்தைத் திரும்பப் பிரித்துப் படிக்காதீர்கள், டெஸ்டில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். 2023 தொடக்கத்தில் குரோம் 110-இல் நேரத்துக்கும் ஏஎம் பிஎம்முக்கும் நடுவில் இருந்த சாதாரண இடைவெளி, மொழித் தரவு அப்டேட்டில் குறுகிய இடைவெளி எழுத்தாக மாறியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பிரித்துப் படித்த தளங்கள் உடைந்தன, குரோம் பின்வாங்கியது.

படிப்பதுதான் ஆபத்து. 2025-03-05 என்று வெறும் தேதியைக் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். பின்னால் நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த மெஷினின் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் யூடிசி நள்ளிரவு காலை ஐந்தரை, தேதி மாறாது, ஆகவே திருப்பூரில் எவ்வளவு டெஸ்ட் செய்தாலும் பிடிபடாது. அதே திரையை நியூயார்க்கில் பையர் திறந்தால் ஷிப்மென்ட் தேதி மார்ச் 4 என்று காட்டும். ஒரு நாள் தாமதத்துக்கு அபராதம் போடும் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. 05-03-2025 என்று நம் வழக்கப்படி கொடுத்தால் குரோம் அதை மே 3 என்று படிக்கும். எந்த வடிவத்தில் வரும் என்று முடிவு செய்து, பிரித்து, வருடம் மாதம் நாள் என்று எண்ணாக நீங்களே கொடுப்பதுதான் வழி. கணக்கில், நாள் கூட்டுவது சுலபம், 60 நாள் கிரெடிட், 90 நாள் கிரெடிட் எல்லாம் பிரச்சனை இல்லை. மாதம் கூட்டும்போதுதான் வித்தியாசம்: ஜனவரி 31-இல் ஒரு மாதம் கூட்டினால் மொமென்ட் பிப்ரவரி கடைசியில் நிற்கும், சாதாரண டேட் மார்ச்சுக்குத் தாவும். இவற்றுக்கெல்லாம் விடையாக டெம்போரல் என்ற புதிய தேதி வசதி வந்துகொண்டிருக்கிறது, 2025 மே மாதம் ஃபயர்ஃபாக்ஸ் 139-இல் முதலில் வந்தது. உங்கள் 109-க்கு அது எட்டாது, அதற்கான பாலிஃபில்லே (பழைய பிரவுசருக்குப் புதிய வசதியை ஒட்டிக் கொடுக்கும் கோடு) ஒரு பெரிய பேக்கேஜ். லைப்ரரிக்குள் மாதக் கணக்கும் ஊர் நேர மாற்றமும் அதிகம் இருந்தால் மொமென்டை எடுத்துவிட்டு இன்னொரு சின்னத் தேதிப் பேக்கேஜ் வைப்பதே நேர்மையான முடிவு. காட்டுவது மட்டும் என்றால் வெளிப் பேக்கேஜே வேண்டாம்.

தமிழ்ப் பெயரை வெட்டும் பேக்கேஜ் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். "கொங்கு" என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் ஆறு என்னும், நமக்கு மூன்று எழுத்து. நடுவில் வெட்டினால் புள்ளி போன ங நிற்கும். இன்ட்ல் செக்மென்டர் இதைச் சரியாக மூன்றாகப் பிரிக்கும். குரோம் 87-இலேயே இருக்கிறது, ஆகவே 109-இல் ஓடும். ஃபயர்ஃபாக்ஸில் 125-இல்தான், 2024 ஏப்ரலில் வந்தது, விண்டோஸ் 7-இன் 115-இல் இல்லை. லாகில் ஃபயர்ஃபாக்ஸ் இல்லாவிட்டால் பேக்கேஜை எடுத்துவிடலாம். வெறும் அகலத்துக்காகத்தான் வெட்டுகிறீர்கள் என்றால் சிஎஸ்எஸ்ஸின் எலிப்சிஸ் போதும், எழுத்தெண்ணவே வேண்டாம். இதோடு இன்னொன்றையும் பாருங்கள், நீங்கள் கேட்காதது: ஊர்ப் பட்டியலைச் சாதாரண சார்ட்டில் போட்டால் பழனி முன்னே வரும், பவானி பின்னே வரும், ஏனென்றால் யூனிகோட் எண்ணில் ழ முந்தியது. அகராதி வரிசையில் வ முந்தியது. ஜெ என்று தொடங்கும் பெயர்கள் ச-வுக்கும் த-வுக்கும் நடுவில் போய் உட்காரும். இன்ட்ல் கொலேட்டரைத் தமிழ் என்று சொல்லி வைத்தால் இரண்டும் சரியாகும், எல்லாப் பிரவுசரிலும் இருக்கிறது. ஒரு பேக்கேஜைக் கூட நீக்காவிட்டாலும் இதை இன்றைக்கே போடலாம்.

பாப்பர் இப்போதைக்கு இருக்கட்டும். பாப்ஓவர் வசதி குரோம் 114, பட்டனை ஒட்டி இடம் பிடித்து நிற்க வைக்கும் ஆங்கர் பொசிஷனிங் குரோம் 125, இரண்டுமே உங்கள் எண்ணைத் தாண்டி இருக்கின்றன. டூல்டிப்பை எப்போதும் கீழேயே காட்டினால் போதும் என்று டிசைனர் ஒத்துக்கொண்டால் வெறும் சிஎஸ்எஸ்ஸில் முடித்துப் பாப்பரையும் அனுப்பிவிடலாம். அது கோடு சம்பந்தப்பட்ட முடிவு இல்லை, பேசித் தீர்க்க வேண்டியது.

கை வைக்கக் கூடாத இரண்டில் முதலாவது டாம்ப்யூரிஃபை. வெளியில் இருந்து வரும் எச்டிஎம்எல்லில் தீய ஸ்கிரிப்டை வடிகட்டும் வேலையைப் பதினைந்து வரி ரெகுலர் எக்ஸ்பிரஷனில் செய்துவிட்டோம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பிரவுசருக்கே அந்த வடிகட்டியைச் சேர்க்கும் வேலை நடந்து வருகிறது, உங்கள் பழைய மெஷின்களுக்கு அது வராது. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: உங்களுக்கு எச்டிஎம்எல்தான் வேண்டுமா? பையரின் ரிமார்க்ஸ் காலம்னில் வருவது வெறும் எழுத்து என்றால் டெக்ஸ்ட் கன்டென்டில் வையுங்கள், வடிகட்டவே வேண்டியதில்லை. மெயிலை அப்படியே காட்டும் இடம் ஒன்றாவது இருந்தால் பேக்கேஜ் இருக்க வேண்டும், அதுவும் எப்போதும் புதிய வெர்ஷனில்.

இரண்டாவது எக்ஸெல். பிளாப் ஒன்றை உருவாக்கி சிஎஸ்வியாக இறக்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், முடியும்தான். தொடக்கத்தில் பைட் ஆர்டர் மார்க் வைக்காவிட்டால் தமிழ்ப் பெயரெல்லாம் எக்ஸெலில் குப்பையாகத் தெரியும், அதைச் சரிசெய்யலாம். ஆனால் பேக்கிங் லிஸ்டில் பார்கோடு இருக்கிறதே? 890-இல் தொடங்கும் 13 இலக்கத்தை எக்ஸெல் எண்ணாக எடுத்து 8.9 இ பிளஸ் 12 என்று காட்டும், 00417 என்ற ஸ்டைல் நம்பர் 417 ஆகும். மெர்ச்சண்டைசர் அதை அப்படியே சேவ் செய்து பையருக்கு அனுப்புவார். காலம்னின் வகையைச் சொல்லும் உண்மையான எக்ஸெல் ஃபைல் இங்கே தேவை, அதை எழுதும் பேக்கேஜும் தேவை. ஆனால் அதை லைப்ரரியின் மையத்தில் வைக்காமல் எக்ஸ்போர்ட் பட்டனைத் தொட்டால் மட்டும் இறங்கும்படி டைனமிக் இம்போர்ட்டில் தனியாக்குங்கள், எக்ஸ்போர்ட் தேவைப்படாத கஸ்டமர் அதை இன்ஸ்டால் செய்யவே வேண்டாதபடி தனிப் பேக்கேஜாகப் பிரித்தால் இன்னும் நல்லது.

செய்யும் முறை பற்றிச் சுருக்கமாக. வெளிப் பேக்கேஜ் ஒவ்வொன்றையும் முதலில் ஒரே ஒரு ஃபைல் வழியாக மட்டும் இம்போர்ட் ஆகும்படி மாற்றுங்கள். அப்போதுதான் உண்மையில் எத்தனை ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது தெரியும், லோடாஷில் பெரும்பாலும் விரல் விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும். பிறகு அந்த ஃபைலின் உள்பக்கத்தை மட்டும் மாற்றுங்கள், ஒரு ரிலீசுக்கு ஒரு பேக்கேஜ். உங்கள் லைப்ரரி வெளியே தரும் மதிப்பில் மொமென்ட் பொருளோ ஜேகுவெரிப் பொருளோ கசிகிறதா என்று பாருங்கள். தேதி தேர்வு செய்தால் கஸ்டமர் கைக்கு மொமென்ட் பொருள் போகிறது என்றால் அதை நீக்குவது மேஜர் வெர்ஷன் (பழைய கோடு உடையலாம் என்று சொல்லி விடும் பெரிய பதிப்பு), மைனரில் தள்ளிவிட்டால் கஸ்டமரின் ஐடி ஆள் இரவு பத்து மணிக்குப் போன் செய்வார். பாலிஃபில்லை லைப்ரரிக்குள் கட்டாதீர்கள், எந்தெந்த வசதி தேவை என்று எழுதி வைத்து அப்ளிகேஷன்காரரிடம் விடுங்கள். டெஸ்டை ஜேஎஸ்டாமில் (பிரவுசர் போல நடிக்கும் டெஸ்ட் கருவியில்) மட்டும் ஓட்டினால் போதாது. அதில் லேஅவுட் என்பதே கிடையாது, டேபிள் அகலமும் டூல்டிப் இடமும் அங்கே எப்போதும் சரியாகத்தான் இருக்கும். ஒரு பழைய விண்டோஸ் 7 மெஷினை ஆபீஸ் மூலையில் வைத்து குரோம் 109-இல் கையால் ஓட்டிப் பார்ப்பதற்கு மாற்று எனக்குத் தெரிந்து இல்லை. அந்த மெஷினுக்கு இனி செக்யூரிட்டி அப்டேட் வராது என்பதையும் கஸ்டமருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். நீங்கள் எத்தனை பேக்கேஜ் நீக்கினாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

ஆடிட்டருக்குப் பதில் எழுதும் முன் ஒரு காரியம். அவர் பார்த்த பட்டியலில் பில்டு செய்யவும் டெஸ்ட் செய்யவும் மட்டும் நீங்கள் வைத்திருக்கும் பேக்கேஜ்களும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். என்பிஎம் ஆடிட்டை டெவ் பேக்கேஜ்களை விலக்கி ஒரு முறை ஓட்டி, கஸ்டமர் மெஷினுக்கு உண்மையில் போவது எது, உங்கள் மெஷினிலேயே நிற்பது எது என்று இரண்டு பட்டியலாகக் கொடுங்கள். இரண்டாவது பட்டியலிலும் ஆபத்து உண்டு, பில்டு நேரத்தில் ஓடும் கோடு உங்கள் பப்ளிஷ் டோக்கனைத் திருடலாம். ஆனால் அதற்கு மருந்து பேக்கேஜை நீக்குவது இல்லை. என்பிஎம் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, இன்ஸ்டால் ஸ்கிரிப்டுகளை நிறுத்தி வைப்பது, லாக் ஃபைலை மதித்து சிஐ முறையில் இன்ஸ்டால் செய்வது, இந்த மூன்றும் போட்டிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். போடாமல் இருந்தால் ஜேகுவெரிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள், ஒரு மதியத்தில் முடிகிற வேலைதானுங்க.